மதிப்பீட்டுப் படிவத்தில் இல்லாத கட்டங்கள்

புதுச்சேரி, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில் வீடுகளையும் மனைகளையும் நேரில் பார்த்து, வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டு அறிக்கை எழுதித் தருவதையே முப்பது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் நிரப்பிய படிவத்தில் எந்தெந்தக் கட்டங்கள் இருந்தன, எவை இல்லை என்பதைப் பற்றியே இந்த மடல்.

நான்கு எல்லைகள், முன்புறச் சாலையின் அகலம், அரசு வழிகாட்டி மதிப்பு, தரை மொசைக்கா கிரானைட்டா, கதவு தேக்கா வேம்பா, சுவரில் பட்டி பார்த்திருக்கிறார்களா என்றெல்லாம் அந்தப் படிவம் கேட்கும். மழைக்காலத்தில் அந்த மனையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஒருபோதும் கேட்டதில்லை. பாகூர்ப் பக்கம் நெல் விளைந்த நிலத்தைக் கிராவல் கொட்டி நிரப்பி, பெயரில் ‘கிரீன்’ என்ற சொல்லைச் சேர்த்து விற்ற ஒரு மனைப்பிரிவில் கட்டப்பட்ட வீட்டுக்கு நான் மதிப்பீடு எழுதியிருக்கிறேன். படிவத்தின்படி அதில் குறை ஒன்றும் இல்லை. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், நீங்க வந்து பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். நான் பார்த்தது உண்மைதான். ஆனால் தரையில் பதித்திருந்த டைல்ஸைத்தான் பார்த்தேன். அந்தத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நடந்தது தாங்கள் அறிந்ததே. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலும் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளிலும் புகுந்தது. 2015 நவம்பர் மழையும் கடலூர் மாவட்டத்தை இப்படித்தான் மூழ்கடித்தது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல் வேறு வகை: அது காற்றால் அழித்தது; பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது; கூரைகளைத் தூக்கி எறிந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று பேரிடர்களைப் பார்த்த ஒரு வட்டாரத்தின் வீட்டுச் சந்தையில், மனையின் விலை இன்னமும் சாலையின் அகலத்தையும் பேருந்து நிலையத்தின் தூரத்தையும் வைத்தே பேசப்படுகிறது.

விலை எப்படி நகர்ந்தது என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, கடலூர்ப் பக்கம் ‘அப்ரூவ்டு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கே தனி விலை உருவானது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் அங்கீகாரம் பெற்ற மனை என்றால் எல்லா வகையிலும் சோதித்துப் பார்த்த மனை என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நான்கு வழிச் சாலையும் விலையை இழுத்துக்கொண்டு ஓடின. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதி வீடு தேடி வருகிறவர்களும், சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களும் நகரின் உள்பகுதியை வாங்க, உள்ளூர்க் குடும்பங்கள் வில்லியனூர், பாகூர், கடலூர் என்று தள்ளித் தள்ளிப் போயின. அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் பெரும்பாலானவை நஞ்சை நிலங்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி உள்ளிட்ட எண்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களும் எந்த நிலத்துக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று வகுக்கப்பட்டனவோ, அந்த நிலத்தில்தான் இன்று வரவேற்பறை இருக்கிறது. தண்ணீருக்குப் பத்திரப் பதிவு தெரியாது. அதற்கு மதகும் கலிங்கும் சொல்லும் வழி மட்டுமே தெரியும்.

இந்த இடத்தில் ‘பசுமை வீடு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நுழைவு வளைவில் இரண்டு ஈச்ச மரங்கள், மொட்டை மாடியில் ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டி, பூங்காவுக்கென்று ஒதுக்கிய மூலையில் கொஞ்சம் கொரியப் புல் என்ற அளவில் அந்தச் சொல் இங்கே சுருங்கிப் போய்விட்டது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் நான் பார்த்த வீடுகளில் பலவற்றில் அந்தத் தொட்டி, நிறைவுச் சான்றிதழ் வாங்கிய கையோடு மண் மூடிப் போய், மேலே கார் நிற்கிறது. கடலோர நிலத்தடி நீர் உப்பேறிக்கொண்டிருக்கும் ஊரில் இதைவிடப் பெரிய ஊதாரித்தனம் வேறில்லை.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வெள்ளம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது. வெப்பம் ஆண்டில் எட்டு மாதங்கள் வருகிறது. முன்பெல்லாம் தளம் போட்டு முடித்ததும், அதன் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அது இறுகிய பிறகு ‘தட்டோடு’ எனப்படும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதிப்பார்கள். அந்த அடுக்கு மழை நீரை மட்டும் தடுக்கவில்லை, வெயிலையும் தடுத்தது. இன்று கட்டுநர் தரும் விலைப்பட்டியலில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட்டின் மேல் சிமென்ட் கலவையில் ஒரு ஓடு, அல்லது அதுவும் இல்லை. பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை அந்தத் தளம் இரவு பத்து மணிக்குக் கீழே கக்கும். அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டி வாங்குவது வசதிக்காக அல்ல, தூங்குவதற்காக. தளத்தில் மிச்சம் பிடித்த தொகையைக் குடியிருப்பவர் இருபது ஆண்டுகள் மின் கட்டணமாகக் கட்டுகிறார்.

மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு, கூரையின் வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. மேலே ஒன்றும் இல்லாத வெறும் கான்கிரீட் தளத்தில் அதைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகக் கடக்கிறது. கான்கிரீட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. புதுச்சேரியிலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதி 1930களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்டின் வடிவமைப்பில் கான்கிரீட்டால் எழும்பத் தொடங்கிய கட்டடம்தான். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, சுவருக்குப் பதில் திறந்து மூடும் பலகணித் தகடுகள், கூரைக்கு மேல் காற்றிடைவெளி விட்டு இன்னொரு ஓட்டு அடுக்கு என்று அதைக் கட்டினார்கள். குளிர்சாதனம் இல்லாமல் இன்றும் அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள்.

சுவர்ப் பொருள்களிலும் நமக்குப் பஞ்சமில்லை. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கற்கள் கடலூரிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் கிடைக்கின்றன. வயலின் மேல்மண்ணைச் சுரண்டி, விறகு எரித்துச் சுட வேண்டியதில்லை. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல், சுமார் ஐந்து விழுக்காடு சிமென்ட் கலந்து அழுத்திய மண் கற்களால் கட்டிக் காட்டியும் கற்றுக்கொடுத்தும் வருகிறது. அதற்காக எல்லோரும் மண் வீடு கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா மண்ணும் அதற்கு ஆகாது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் ஊருக்கு ஊர் கிடைப்பதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் அடிமட்டத்தை உயர்த்திக் கட்டாமல் அதைத் தொடவே கூடாது. ஆனால் நன்றாகக் கட்டிய ஒரு மண்கல் வீட்டுக்கு நானே அநீதி செய்திருக்கிறேன். பூச்சில்லாத, அழகான, சிவந்த சுவர். படிவத்தில் ‘பூச்சு வேலை’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லால் அது முடிக்கப்படாத கட்டடமாகி, மதிப்புக் குறைந்து, கடன் தொகையும் குறைந்தது. மேற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து, பிற்பகலில் அடுப்பாகக் கொதித்த பக்கத்து வீட்டுக்கு ‘எலிவேஷன் சிறப்பு’ என்று எழுதினேன்.

இவற்றையெல்லாம் ஏன் தங்களிடம் சொல்கிறேன் என்று கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டத்தின் 32ஆம் பிரிவு, சுற்றுச்சூழலுக்கு உகந்த, எளிய விலையிலான வீடுகளை ஊக்குவிப்பதற்கும் தகுந்த கட்டுமானப் பொருள்களையும் முறைகளையும் பயன்படுத்தச் செய்வதற்கும் திட்டங்களைத் தரவரிசைப்படுத்துவதற்கும் அரசுக்குப் பரிந்துரை செய்யும் பொறுப்பைத் தங்கள் ஆணையங்களுக்குத் தந்திருக்கிறது. விளம்பரத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும் என்ற விதியைக் கட்டுநர்கள் இன்று மறக்காமல் கடைப்பிடிக்கிறார்கள். மக்களும் அந்த எண்ணைக் கேட்கப் பழகிவிட்டார்கள். தாங்கள் கேட்டால் சந்தை பதில் சொல்லும் என்பதற்கு அதுவே சான்று. இன்னொரு பொருத்தமும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளாகவோ வரும் திட்டங்கள் தங்களிடம் பதிவாக வேண்டும். 2018இன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா பேசியதும் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளைப் பற்றித்தான். புதுச்சேரிக் கணக்கில் அது ஏறத்தாழ ஒன்பதேகால் குழி. இரண்டு குழி மனையில் தனி வீடு கட்டுபவரை இரண்டுமே தொடுவதில்லை. அதை வேறொரு மடலில் பேசலாம். ஆனால் தங்கள் மேசைக்கு வரும் திட்டங்களுக்கு அளவுகோல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

நான் கேட்பது பதிவுக் கோப்பில் ஒரே ஒரு கூடுதல் தாள். அது விற்பனை ஒப்பந்தத்தோடும் இணைக்கப்பட வேண்டும். அந்த நிலம் பழைய வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, வாய்க்கால் ஓரமா என்பது அதில் இருக்க வேண்டும். தரைமட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து மீட்டரில் எழுத வேண்டும். ‘சாலையிலிருந்து மூன்றடி’ என்று எழுத விடக் கூடாது, ஏனெனில் நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள், மூன்றடி பத்தாண்டில் ஓரடியாகிவிடும். மனையை உயர்த்த எவ்வளவு மண் கொட்டப்பட்டது, அதனால் தடைப்பட்ட பக்கத்து நிலத்து நீர் எந்த வழியாக வடியும் என்பதும் வேண்டும். 2011, 2015, 2024ஆம் ஆண்டுகளில் அங்கே தண்ணீர் நின்றதா, எவ்வளவு உயரம் என்பதை அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தே எழுதிவிடலாம்; சுவரில் கறை இன்னும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பளவு, தளத்தின் மேல் உள்ள அடுக்குகள், மேற்குச் சுவரின் நிழல், சுவர்க் கல் எதனால் ஆனது என்பவை மீதி.

இதனால் விலை விழும் என்று கட்டுநர்கள் சொல்வார்கள். சில இடங்களில் விழும்; விழ வேண்டும். மேட்டு நிலத்தில் முறையாகக் கட்டும் சிறு கட்டுநருக்கு இன்று அந்தச் செலவைத் திருப்பித் தரும் கட்டம் படிவத்தில் எங்கும் இல்லை. இந்தத் தாள் வந்தால் அவர் கேட்கும் கூடுதல் விலைக்குக் காரணம் காட்ட முடியும். வாங்குபவர் படிக்க மாட்டார் என்றும் சொல்வார்கள். வங்கி படிக்கும். கடன் தருபவர் கேட்கத் தொடங்கினால், என் இடத்தில் இன்று அமர்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் அளவு நாடாவோடு மட்டமானியையும் எடுத்துச் செல்வார்.

பிறரிடம் கேட்பதற்கு முன் என் வீட்டுக்கு அந்தத் தாளை நானே நிரப்பிப் பார்த்தேன். 1998இல் கட்டியது. பழைய பதிவேட்டில் நஞ்சை. கட்டும்போது சாலையைவிட இரண்டரை அடி உயரம். இப்போது ஒரு சாண். தானேயில் முன்புற வேம்பு சாய்ந்தது, தண்ணீர் வரவில்லை. 2024இல் கூடத்தில் முழங்கால் அளவு, இரண்டு நாள். முன்பாதித் தளத்தில் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும். மகன் திருமணத்துக்காகச் சேர்த்த பின்பாதியில் எதுவும் இல்லை, அந்த அறையில் மே மாதம் யாரும் படுப்பதில்லை. என் பழைய படிவத்தின்படி போட்ட விலையிலிருந்து, இந்தத் தாளின்படி என் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தாளின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர்
பாகூர், புதுச்சேரி