கீழே இருக்கிற பட்டனையும் அழுத்திப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய சுவிஸ் குரோனோகிராஃப் வாட்ச்கள் (பட்டனை அழுத்தி நேரத்தை அளக்கிற, ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கைக்கடிகாரங்கள்) பற்றிய கட்டுரை படித்தேன். நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அதை வைத்து 'வாங்கிப் போட்டால் லாபம்' என்று எழுதியது கொஞ்சம் ஓவர். அந்த விலை நியூமன் கட்டிய வாட்ச் என்பதற்காக வந்தது, பின்மூடியில் அவர் மனைவி பொறித்துக் கொடுத்த வாசகத்தோடு. உள்ளே ஓடுவது வால்ஜூ 72 என்ற சுவிஸ் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதே வால்ஜூ 72 ஹோயர் கம்பெனியின் அந்தக் கால கரேரா வாட்சிலும் உண்டு, அதற்கு அந்த விலையில் ஒரு துளி கூடக் கிடைக்காது.

நானும் இந்த ஆசையில் லேண்டரான் 48 என்ற இன்னொரு ரக இயந்திரம் போட்ட 1950-களின் குரோனோகிராஃப் வாட்ச் ஒன்றை வாங்கினேன். மேல் பட்டனை அழுத்தினால் முள் ஓடியது, மறுபடி அழுத்தினால் நிற்கவே இல்லை, சரி ஏமாந்துவிட்டோம் என்று வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு சிரித்தார். "கீழ் பட்டனை அழுத்துங்க சார்." இந்த ரகத்தில் மேல் பட்டன் கிளப்புவதற்கு மட்டும்தான், கீழ் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் நிற்கும், இன்னொரு தடவை அழுத்தினால் முள் டக்கென்று பூஜ்ஜியத்துக்கு ஓடிவிடும்.

அப்புறம் டயலைப் பார்த்தார், சிரிப்பு போய்விட்டது. வேகம் கணக்கிடும் அளவுகோடுகள் ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிசு. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ்' எழுத்தைக் காணோம். விளக்கை அணைத்தால் முட்கள் பச்சையாகப் பளபளத்தன, அதுதான் பெரிய தப்பாம். அந்தக் காலத்தில் பூசியது ரேடியம். அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும், ஆனால் அதோடு கலந்து ஒளிவிடுகிற துத்தநாக சல்ஃபைடு சில பத்து வருஷங்களிலேயே செத்துப்போகும். இன்றைக்கும் மினுங்குகிறது என்றால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். விற்றவர் 'மின்ட் கண்டிஷன்', அதாவது புதுசு மாதிரியே இருக்கிறது என்று சொல்லியிருந்தார்!

பழைய வாட்சில் டயல் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் கட்டுரையில் போட்டிருந்த மூன்று படங்களும் அப்படிப் பளபளத்தன. அடுத்த முறை பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற இயந்திரம் தெரிகிற மாதிரி ஒரு படமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்