குயிலுக்கு ஒரு நாற்காலி

அடி குயிலு,

ஐந்து மாதமாக ஒரு வரி இல்லை என்று நீ பொருமிக்கொண்டிருப்பாய். திட்டுவதற்கு முன் செய்தியைப் படி: சின்னவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. கூட வேலை செய்கிற பையன்தான். தங்கமான குணம், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து இவளே பேசிவிடுகிறாள். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவனும் மருமகளும் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுவார்கள். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, ஏனென்றால் எழுத வந்த விஷயம் வேறு.

நம் ஹாஸ்டல் ஒட்டடை போன் செய்திருந்தாள். பேச்சுவாக்கில் ஒன்றைப் போட்டு உடைத்தாள். பெரியவன் ரிசப்ஷனில் சாப்பிட்ட கையோடு "தலைவலி" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பினாயே, அது தலைவலியே இல்லையாமே? காதாமே? அப்போதே காது மிஷின் போட ஆரம்பித்திருந்தாயாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசையில் உன்னை உட்கார வைத்திருந்தோம். இருபது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போயிருக்கிறாய். அதற்குப் பிறகு யார் வீட்டு விசேஷத்துக்கும் நீ போவதில்லை என்றும் சொன்னாள்.

ஆறு வருஷம், குயிலு. என் மகன் கல்யாணத்தில் இருபது நிமிஷம்கூட இவளால் நிற்க முடியவில்லையே என்று ஆறு வருஷமாக உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கடிதம் குறைந்ததற்கும் அதுதான் காரணம், வேலை என்று சொன்னதெல்லாம் சாக்கு. ஹாஸ்டல் மாடிப்படியில் விளக்கணைந்த பிறகு நீ பாட, நாங்கள் பதினோரு பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தக் காதுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்க வேண்டாமா? மன்னித்துக்கொள். இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

இப்போது சின்னவள் ரிசப்ஷனுக்கு வருகிறேன். ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரையிலிருந்து பத்தரை வரை ஆட்டம் பாட்டம். "சாப்பாடு வரைக்கும் நான் பார்த்துக்கறேன், அதுக்கப்புறம் உன் பொறுப்பு" என்று அவர் ஒதுங்கிவிட்டார். பொறுப்பு கைக்கு வந்த மறுநாள்தான் ஒட்டடையின் போன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பாட்டு அதிர வேண்டும், பிள்ளைகள் ஆட வேண்டும், நீயும் பத்தரை வரைக்கும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக நடக்குமா என்று சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரைப் பிடித்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன். பொறுமையான மனிதர்.

அவர் முதலில் சொன்னது: பெரியவன் கல்யாணத்தில் செய்ததுபோல மேடைக்கு இரண்டு பக்கமும் ராட்சசப் பெட்டிகளை நிறுத்தி, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று முடுக்கினால், முன்வரிசைக்காரர்கள் செத்தார்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. அதனால் பெரிய பெட்டி இரண்டுக்குப் பதிலாகச் சின்னப் பெட்டி நான்கு. ஆடும் இடத்தின் நான்கு மூலையிலும் ஸ்டாண்டில் உயர்த்தி, முகத்தை உள்பக்கமாகத் திருப்பி வைக்கப்போகிறோம். ஆடுகிறவனுக்கு நெஞ்சு அதிரும், மேசையில் இருப்பவர் பேசிக்கொள்ளலாம்.

அளவும் கேட்டுக்கொண்டேன். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 94 என்றால் ஒரு மணி, 100 என்றால் வெறும் கால் மணி! இசை நிகழ்ச்சி நடக்கிற இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு தரநிலை வெளியிட்டது. கால் மணி நேரச் சராசரி 100ஐத் தாண்டக்கூடாது, காது ஓய்வெடுக்க ஓர் அமைதியான இடமும் இருக்க வேண்டும் என்கிறது. நம் வீட்டு ரிசப்ஷனுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஆடும் இடத்தில் 90, மேசைப் பக்கம் 75க்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டேன். டெசிபல் காட்டும் செயலியைப் பெரியவன் என் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். சத்தம் அளக்கிற கருவி மாதிரி துல்லியம் இருக்காது, ஆனால் எல்லை மீறினால் தெரிந்துவிடும்.

இதில் இன்னொன்று எனக்குப் புதிது. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதி வைத்திருக்கிறார். பாட்டுக்கு மேலே இவர்கள் கத்த, இவர்கள் கத்தலுக்கு மேலே டிஜே ஏற்ற, அதற்கு மேலே இவர்கள் கத்த... அன்றைக்கு நடந்தது இதுதானே? உன் மிஷின் அத்தனையையும் சேர்த்து வாரி உன் காதுக்குள் கொட்டியிருக்கும். நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மண்டபத்துக்கு டைல்ஸ் தரை, இரண்டு பக்கம் கண்ணாடி. கை தட்டினால் சத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த எதிரொலியை முதலில் கணக்குப் போட்டு அளந்தவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நமக்கு மெத்தைக்கு எங்கே போவது? கண்ணாடியை மறைத்துக் கனமான திரைச்சீலை தொங்கவிடச் சொல்லிவிட்டேன், மடிப்பு மடிப்பாக. மேசைக்கெல்லாம் தரை வரை துணி. ஆட்களும் சத்தத்தைக் குடிப்பார்கள் என்பதால், காலி மண்டபத்தில் சோதித்துப் பார்த்ததை வைத்து முடிவு செய்துவிடாமல் கூட்டம் நிறைந்ததும் ஒரு தடவை திருத்த வேண்டும் என்றார் சவுண்ட்காரர். அலங்காரக்காரருக்குத் திரைச்சீலையின் நிறம்தான் கவலை. எனக்கு அதன் கனம்.

ஆடும் இடத்துக்காக அலங்காரக்காரரோடு பெரிய சண்டை. மண்டபத்தில் பாதியைக் காலியாக விட வேண்டும் என்கிறார். வரப்போவது 250 பேர். ஒரே சமயத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆடினாலே அதிகம், எண்பது சொச்சம். ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தாலும் ஆறுக்கு ஆறு மீட்டர் தாராளம். பெரிய இடத்தில் பத்துப் பேர் ஆடினால் வேடிக்கை பார்க்கிறவனுக்குக் கால் எழாது, எல்லார் கண்ணும் தன் மேல்தான் என்று கூசுவான். சின்ன இடத்தில் அதே பத்துப் பேர் கூட்டம். கடைசியில் கயிறு கட்டி அளந்து, எங்கள் தெருப் பிள்ளைகளை உள்ளே விட்டுக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள். அப்போது போய் "அடுத்து நிகழ்ச்சி ஆரம்பிக்கும்" என்று அறிவித்துவிட்டு இருபது நிமிஷம் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தால் மண்டபம் பாதி காலி. அதனால் எல்லா ஒயரும் ஆறு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். சாப்பாட்டின் கடைசிக் கால் மணியிலேயே பாட்டு மெல்ல ஆரம்பித்துவிடும். முதலில் குழந்தைகளை இறக்கிவிடுவேன். அதுகளை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. குழந்தை ஆடினால் பாட்டி எழுந்து வருவாள், பாட்டி வந்தால் அத்தனை பேரும் வருவார்கள். முதல் அரைமணிக்கு மூன்று தலைமுறைக்கும் தெரிந்த பாட்டு மட்டும்தான், நடைவேகத்தில், நிமிஷத்துக்கு நூறு தாளம் போல. ஒன்பதரைக்கு மேல் இளசுகள் ராஜ்யம். மூன்று வேகப் பாட்டுக்கு ஒரு மெதுவான பாட்டு, மூச்சு வாங்க. "அம்மா, நீ என்ன டைம்டேபிள் போடறியா" என்கிறாள் சின்னவள். ஆமாம், போடுகிறேன்.

வாழ்த்துரை மூன்றே பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம், ஆட்டத்துக்கு முன்னால். மாப்பிள்ளையின் பெரியப்பா அரைமணி பேசுவார் என்று இப்போதே எல்லாரும் நடுங்குகிறார்கள். நம் ரெட்டைவாலுவைத் தெரியுமே, அவளை மைக்குக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். அவள் புன்னகையோடு மைக்கை வாங்கினால் யாரும் தடுத்ததாகச் சரித்திரமில்லை. "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்பவரையும் விடமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களின் பேச்சுதான் உன்னைப் போன்றவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

விளக்கு: ஆடும் இடத்தில் மங்கல், மேசைகளில் வெளிச்சம். பேசுகிறவர் உதடு உனக்குத் தெரிய வேண்டும். படபடவென்று வெட்டும் விளக்கு கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு உண்டு. விநாடிக்கு 3 முதல் 30 தடவை மின்னுகிற வெளிச்சம் சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும்.

இந்த ஆட்டமெல்லாம் வயசுப் பிள்ளைகளுக்கு என்று நீ தப்பிக்கப் பார்ப்பாய். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் பிரேசில் பள்ளி மாணவர்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அசைவைச் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது, ஒருவரோடு ஒருவர் நெருக்கமாகவும் உணர்ந்தார்கள். உன் முழங்காலைக் காரணம் காட்டாதே. ஒரே ஒரு பாட்டுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

உனக்கு நான் யோசித்திருக்கும் நாற்காலி மேற்குச் சுவரோரம், ஸ்பீக்கர்களுக்கு முதுகுப்பக்கம். உன் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை, எதிரே ஒட்டடையும் ரெட்டைவாலும். மேசையில் நாலு பேருக்கு மேல் போடவில்லை. அதற்குப் பின்னால் கதவைத் தாண்டி ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே பாட்டு வராது. களைத்தால் பத்து நிமிஷம் அங்கே போய் வா. ஆனால் இது என் காதால் முடிவு செய்தது. அதனால் முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சவுண்ட் சோதிக்கும்போது நீ அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து பார். எங்கே சரியாக இருக்கிறது என்று நீ சொல்கிறாயோ அங்கே உன் பெயரை எழுதி வைக்கிறேன். உன்னைப் போல இன்னும் எத்தனை பெரியவர்கள் சொல்லாமல் எழுந்து போயிருப்பார்களோ, அவர்களுக்கும் அந்தப் பக்கம்தான்.

பத்தேகாலுக்கு எல்லாப் பெட்டியையும் அணைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைசிக் கால் மணி வெறும் குரல். யார் குரல் என்று நிகழ்ச்சி நிரலில் எழுதவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம், கட்டாயப்படுத்தமாட்டேன், அதற்காக வராமல் இருந்துவிடாதே. சின்னவளைத் தொட்டிலில் போட்டு நீ பாடினது அவளுக்கு எப்படி நினைவிருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் "குயில் அத்தை பாடுவாங்களா" என்று அவளாகத்தான் கேட்டாள்.

மிஷினுக்கு மாற்று பேட்டரி இரண்டு ஜோடி எடுத்து வா. பதிலை எழுதியே போடு. போனில் பாதி கேட்காமலே "சரி சரி" என்று நீ சொல்வது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

உன்,
கத்திரி