இடிந்தது மாளிகை, நிற்பது மண்டபம்

ஆசிரியருக்கு,

ஓமந்தூரார் அரசு மருத்துவமனை வளாகத்துக்கு வருகிறவர்களில் பலர் ராஜாஜி மண்டபம்தான் பழைய கவர்னர் மாளிகை என்று நினைக்கிறார்கள். அது விருந்து மண்டபம் மட்டுமே. ராபர்ட் கிளைவின் மகன் கவர்னராக இருந்தபோது, 1802இல், கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் கட்டி முடித்தது. மாளிகை பக்கத்தில் இருந்தது. 1753இல் மதேரோஸ் குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய தோட்ட வீடு. புதிய தலைமைச் செயலகத்துக்காக அதை இடித்தார்கள். அந்தச் செயலகமும் 2014இல் மருத்துவமனையாகிவிட்டது!

மிஞ்சிய மண்டபத்திலாவது சிமென்ட் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூக்கும். பூச்சு பழைய செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்க்கும். வேரோடு எடுத்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.

– வாசகர், திருவல்லிக்கேணி