பிளக்கை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா கிரகரி வாவியிலும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலும் படகு எஞ்சின் மிஸ் அடித்தால் (விட்டுவிட்டு ஓடினால்) உடனே புதுப் பிளக் (பெற்றோலை எரிக்கும் பொறியை உண்டாக்கும் பாகம்) வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடி இழுக்கும். பல வேளை கோளாறு பிளக்கில் இருப்பதில்லை.

கழற்றிய பிளக்கை அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடலோர நீர்கொழும்பில் செட் பண்ணிய காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இங்கே வந்தால் கரி பிடிக்கத்தான் செய்யும். அதற்குச் சிறிய மெயின் ஜெட் (காபரேற்றரில் பெற்றோல் வரும் துளை) போட வேண்டும். கரியை எரிக்கவென்று கூடுதல் சூடேறும் பிளக்கைப் போடுவது பிஸ்டனுக்கு வைக்கும் உலை.

பிளக் எண்ணெயில் நனைந்து வந்தால், அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை, அல்லது எண்ணெய் கூடிவிட்டது. பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பலவற்றுக்கு 50:1 கணக்கு: பெற்றோல் லீற்றருக்கு எண்ணெய் 20 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றுவது கூடாது. நுனி வெளுத்துக் கொப்பளித்திருந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம்.

இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் பிளக்குகளை இடம் மாற்றிப் பூட்டுங்கள். கோளாறும் கூடவே மாறினால் பிளக்தான் கெட்டது. மாறாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர், அதன் நுனியில் பிளக்கின் மேல் மாட்டும் கெப், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் கொயில் மூன்றையும் பாருங்கள். காபரேற்றர் அதற்குப் பிறகு.

மலைநாட்டு மூடுபனியில் முதலில் கெடுவது கெப்தான். ரப்பருக்குள் ஈரம் தங்கி செம்புக் கம்பி பச்சை பூக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி உள்ளே போகாமல் வெளியால் ஓடியிருக்கிறது. அப்போது பிளக், கெப் இரண்டையும் மாற்ற வேண்டும். திருகிப் பூட்டும் கெப் என்றால் வயர் நுனியில் 5 மில்லிமீற்றர் வெட்டிவிட்டுப் புதுக் கெப்பைத் திருகலாம். வயர் கொயிலோடு வார்த்தது, வெட்டவும் நீளமில்லை என்றால் கொயிலையே மாற்ற வேண்டியதுதான். ரெசிஸ்டர் (மின்தடை) உள்ள கெப் மல்டிமீற்றரில் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். வயரை வளைத்துக்கொண்டே அளந்து பாருங்கள்; முறிந்த வயர் அப்போதுதான் பிடிபடும். இருட்டியபின் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி அதை மெதுவாக ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கை வைக்க வேண்டாம்.

வயரைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிட்டு ஸ்டார்ட் கயிறு இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும். போக இடமில்லாத மின்சாரம் கொயிலையே துளைத்துவிடும். பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, வயரில் மாட்டிய பிளக்கின் இரும்பு உடலை பிளக் துளையிலிருந்து எட்ட, எஞ்சினில் பட வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். நீலமாக 'டிக்' என்று அடித்தால் சரி. மஞ்சளாக மெலிந்திருந்தால் பலமில்லை. எந்தச் சிலிண்டரிலும் பொறியே இல்லையென்றால், முதலில், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளக் நுனியில் பொறி பாயும் இடைவெளி கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பூட்டும்போது கையால் திருகி முடிந்தபின், புது வாஷர் உள்ள பிளக்குக்கு ஸ்பானரால் அரைச் சுற்று, பழையதற்குப் பன்னிரண்டில் ஒரு சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

படகு எஞ்சின் திருத்துநர்,
நுவரெலியா