ஆகஸ்டில் வந்திறங்கப்போகிற செல்விக்கு

ஒகயாமா
ஜூன் 22

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், திட்டிக்கொள். ஜப்பானில், ஷிமானே பள்ளிகளில் உதவி ஆசிரியை வேலை உறுதியானதை அத்தையிடம் நீயே சொன்னாயா, அல்லது இந்தத் தடவையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்களா? அம்மாவுக்கு என் வணக்கம் சொல். இனி விஷயம்.

"ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன், மறுநாளே வகுப்பு" என்று எழுதியிருக்கிறாய். வகுப்பே இருக்காதுடி. இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜூலை 20 வாக்கில் முதல் பருவம் முடிந்து கோடை விடுமுறை விட்டுவிடுவார்கள். பெரும்பாலான ஊர்களில் ஏறக்குறைய 40 நாள். ஹொக்கைடோ மாதிரிக் குளிர்ப் பிரதேசங்களில் கோடையில் 25 நாள் போலத்தான். மிச்சத்தைப் பனிக்காலத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள். நமக்குப் பெரிய லீவு என்றால் வருஷமே முடிந்த மாதிரி: ஜூனில் புது வகுப்பு, புது டீச்சர், புது பெஞ்சு. இங்கே லீவு வருஷத்தின் நடுவில் வருகிறது. திரும்பிப் போவது அதே வகுப்புக்கு, அதே ஆட்களிடம். இதை மறக்காதே, பின்னால் இதற்குத்தான் வரப்போகிறேன்.

பிள்ளைகள் இல்லாவிட்டாலும் ஆசிரியர் அறை திறந்தே இருக்கும். லீவு எழுதிக் கொடுக்காத நாளெல்லாம் நீ மேசையில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை ஓபோன், முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். பல ஊர்களில் அப்போது பள்ளியையே பூட்டிவிடுகிறார்கள். உங்கள் பள்ளியில் எப்படி என்று துணைத் தலைமையாசிரியரிடம் முதல் வாரமே கேட்டுக்கொள். ரயில், விடுதி எல்லாம் அந்த நாட்களில் நிரம்பி வழியும். ஊர் சுற்றும் ஆசை இருந்தால் வேறு வாரத்துக்குத் தள்ளிப்போடு. மே முதல் வாரத் தொடர் விடுமுறையும், டிசம்பர் 25 வாக்கில் தொடங்கும் புத்தாண்டு விடுமுறையும் இதே நெரிசல்தான்.

செருப்பு. வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு ஜோடி வேண்டும், அதன் பெயர் உவபாகி. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு ஜோடி கேட்கும் பள்ளியும் உண்டு. இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போவாய் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி வைத்துவிடு. ஒன்றையே தூக்கிக்கொண்டு அலைந்தால் ஒருநாள் மறந்து, விருந்தாளிச் செருப்பில் வழுக்கிக்கொண்டு பாடம் நடத்துவாய். பெண்களுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் கடையில் கிடைப்பது கஷ்டம். உன் பாதத்தைப் பற்றி நம் பி.டி. டீச்சர் சொன்னது நினைவிருக்கட்டும், அங்கிருந்தே வாங்கி வா.

சாப்பாடு அதைவிட முக்கியம். மதிய உணவு பள்ளியிலேயே, வகுப்பறையிலேயே. முறை வைத்துப் பிள்ளைகளே வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிப் பரிமாறுவார்கள். அந்த அங்கியை வாரக் கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருவதும் அவர்கள்தான். எல்லாருக்கும் 200 மில்லி பால். உனக்கு மீன் வாசனையே ஆகாது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் தட்டில் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றிய சூப் வரும், ஏனென்றால் அது அவர்கள் கணக்கில் மீன் இல்லை. வெந்த கீரையின் மேலேகூட உலர்மீன் சீவல் தூவியிருக்கும். ஆகவே இறைச்சி, ஹாம், மீன், மீன் சாறு என்று நான்கையும் தனித்தனியாகக் குறித்து, புறப்படுவதற்கு முன்பே கல்வி அலுவலகத்துக்கு எழுதிவிடு. டப்பா கட்டிப் போனாலும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிடாதே, பிள்ளைகளோடு உட்கார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை சோற்றுக்கு முன்னால் பேசும். அதன்பின் கால்மணி, இருபது நிமிடம் எல்லாரும் பள்ளியைப் பெருக்கித் துடைப்பார்கள். நீயும் ஒரு துணியை எடுத்துக்கொள்.

ஊரிலிருந்து இனிப்பு கட்டாயம். ஒவ்வொன்றும் தனி உறையில் இருக்க வேண்டும். அலுவலகம், மருத்துவ அறை எல்லாம் சேர்த்துத் தலை எண்ணி, அதற்கு மேல் ஐந்து. நெய் கசியும் மைசூர்பாகு ஆகஸ்ட் புழுக்கத்தில் தாங்காது, எள்ளுருண்டை தாங்கும். பெரியவர்களுக்கு மட்டும் கொடு. ஒவ்வாமை பயம் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது.

பிள்ளைகளின் லீவு லீவாகவே இருப்பதில்லை, செல்வி. கணக்குப் பயிற்சி நோட்டு, படம் வரைந்த நாட்குறிப்பு, புத்தகம் படித்துக் கட்டுரை, தானாகத் தலைப்பு தேர்ந்தெடுத்துச் செய்யும் ஆராய்ச்சி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தான் வளர்த்த காலைமலர்ச் செடியைத் தொட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூ எண்ணும். காலை 6.30க்கு வானொலியைக் கேட்டுச் செய்யும் உடற்பயிற்சிக்குப் பூங்காவுக்குப் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், இப்போது பல இடங்களில் அது ஓரிரு வாரமாகச் சுருங்கிவிட்டாலும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் குழுப் பயிற்சி லீவிலும் நடக்கும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததன் காரணம். பெரும்பாலும் செப்டம்பர் 1 அன்று பள்ளி திறக்கும்; முதலில் சொன்னேனே, அதே வகுப்புக்கு, அதே ஆட்களிடம் திரும்பிப் போகும் நாள் அது. முன்கூட்டியே ஆகஸ்ட் கடைசி வாரத்தில் திறக்கும் ஊர்களும் இருக்கின்றன. 1972 முதல் 2013 வரையிலான கணக்கை எடுத்து ஜப்பான் அரசு 2015இல் வெளியிட்டது: 18 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொள்வது வருஷத்திலேயே மிக அதிகமாக இருந்த நாள் செப்டம்பர் 1. ஏப்ரலில் பள்ளி தொடங்கும் நாட்களும் அந்த வரிசையில் மேலே இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் காமகுரா நகர நூலகம், பள்ளிக்குப் போவது சாவைவிடக் கொடுமையாகத் தோன்றினால் நூலகத்துக்கு வா, நாள் முழுக்க இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதியது. 2023 கல்வியாண்டில் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத தொடக்க, நடுநிலைப் பிள்ளைகள் 3,46,000க்கும் மேல். நோய், வறுமை காரணங்களால் வராதவர்கள் இதில் சேர்த்தியில்லை.

நீ முதன்முதலாகப் பாடம் எடுக்கப்போவது பள்ளி திறக்கும் அந்த வாரத்தில். புது ஆசிரியர்கள் பலரும் "லீவுக்கு எங்கே போனீர்கள்?" என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார்கள். தயவுசெய்து கேட்காதே. எங்கும் போகாத பிள்ளைக்கு, முப்பது பேர் முன்னால் அதைச் சொல்வது தண்டனை. படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, பிடித்ததைக் காட்டச் சொல்; பேச வேண்டாம், விரலால் தொட்டால் போதும். எழுந்து நிற்க வைக்காதே.

காலையில் வாசல் செருப்பு அடுக்கைப் பார். உள்செருப்பு எடுக்கப்படாமலே இருந்தால் அந்தப் பிள்ளை வரவில்லை. வகுப்புக்கு வராமல் மருத்துவ அறை வரைக்கும் வரும் பிள்ளைகள் உண்டு, அதையும் வருகையாகவே நினை. அங்கே போய் வணக்கம் சொல்லிவிட்டு வா. மதிப்பெண் போடுகிறவள் இல்லை என்பதால் யாராவது உன்னிடம் மனசைத் திறக்கலாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே. அன்றைக்கே வகுப்பாசிரியரிடமும் மருத்துவ அறை ஆசிரியையிடமும் சொல்லிவிடு. மொழி தடுமாறினால் எழுதிக் கொடு, மறுநாளைக்கு வைக்காதே.

ஆகஸ்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களில் வகுப்பாசிரியர்களிடம் இருக்கை வரைபடத்தைக் கேட்டு வாங்கு. பெயர்களின் உச்சரிப்பை ஹிராகனாவில், அதாவது ஒலியை அப்படியே காட்டும் ஜப்பானிய எழுத்தில், எழுதித் தரச் சொல். பெயரில் வரும் ஒரே சீன எழுத்துக்கு வீட்டுக்கு வீடு உச்சரிப்பு மாறும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாளுக்குள் எல்லாப் பெயரும் உன் வாயில் சரியாக வர வேண்டும்.

செருப்பு அளவை உடனே எழுது. இங்கே கிடைக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

உன்
மூணாவது பெஞ்சு