காது வியர்ப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வயர்லெஸ் நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலை அடக்கும்) ஹெட்போன்களை மதிப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆர்வத்தில், இரண்டாம் தடவை எதையோ படிக்காமல் விட்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில். பேட்டரி எத்தனை மணி நேரம், உள்ளே ஒலி எழுப்புகிற டிரைவர் எத்தனை மில்லிமீட்டர், புளூடூத் எந்தப் பதிப்பு, எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் பெட்டியின் மேலேயே போட்டிருப்பார்கள். மே மாத மதியத்தில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் காணோம். ஏசி அறையில் வைத்துச் சோதித்திருப்பார்கள் போல.

நான் செங்கல்பட்டிலிருந்து சென்னை கடற்கரை ஸ்டேஷனுக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறவன். மூக்குக் கண்ணாடி போட்டவன். இதுவரை இரண்டு ஹெட்போன் வாங்கியாகிவிட்டது, மைத்துனருடையதை அவ்வப்போது இரவல் வாங்குவதும் உண்டு. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் ஒன்று விளம்பரமாகிவிடும், இல்லாவிட்டால் வம்பாகிவிடும்.

முதலில் இரைச்சல் விஷயம். கட்டுரையில் 'வெளிச்சத்தம் முழுவதும் அடங்கிவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அடங்காது சார். ஹெட்போனில் இருக்கும் மைக் வெளியிலிருந்து வருகிற சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உள்ளே விடுகிறது, இரண்டும் மோதி ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. ஒரே மாதிரி தொடர்ந்து வருகிற கனத்த சத்தத்துக்குத்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். மோட்டார் உறுமல், மின்விசிறி, தண்டவாளத்தின் கடகடவென்ற அடிநாதம் எல்லாம் போய்விடுகிறது, முதல் நாள் பிரமித்துப்போனேன். ஆனால் சுண்டல்காரர் குரல் போவதில்லை, குழந்தை அழுவது போவதில்லை, எதிர் சீட்டில் ஸ்பீக்கரில் போட்டு ரீல்ஸ் பார்க்கிறவரும் போவதில்லை. திடீரென்று எழுகிற சத்தத்தையும் மேல் ஸ்தாயியில் வருவதையும் பெரும்பாலும் காதைச் சுற்றி உட்காருகிற குஷனின் அடைப்புதான் தடுக்க வேண்டும்.

வீட்டில் ஒரு வேடிக்கை. மகள் அடுத்த அறையில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வயலின் சாதகம் செய்வாள். நான் ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் சுருதி மட்டும் காணாமல் போய், வயலின் தனியாகக் கம்பி மாதிரி மெலிசாகக் கேட்கும். சுருதி இல்லாமல் வயலின் பயிற்சி கேட்கிற கொடுமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாய்ஸ் கேன்சலிங் எதைத் தின்னும், எதை விடும் என்பது எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இது பிறந்த இடமும் அப்படி. 1978இல் போஸ் ஆடியோ கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை என்று எரிச்சல்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார் என்பார்கள். (அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர்.) 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, 2000இல் பயணிகளுக்கு. ஆக, கதவும் ஜன்னலும் மூடிய விமானத்துக்குள் இடைவிடாமல் உறுமுகிற எஞ்சினுக்காக யோசித்த பொருள் இது. எங்கள் ரயிலில் ஜன்னல் திறந்திருக்கும். காற்று நேராக மைக்கில் மோதினால் உள்ளே புஸ்புஸ் என்று இன்னொரு புது இரைச்சல் கிளம்பும். அடிதடி பண்ணிப் பிடித்த ஜன்னலோர சீட்டை விட்டு நடு சீட்டுக்கு மாறினேன் என்றால் நம்புவீர்களா? சில மாடல்களில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கத் தனி வசதி உண்டு, அது வேலை செய்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்லியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

அடுத்து, கண்ணாடி. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் போகிற இடத்தில் சின்ன இடுக்கு விழுகிறது. அந்த இடுக்கு வழியாக வெளியே இருக்கிற கனத்த சத்தம் உள்ளே வரும், உள்ளே இருக்கிற பேஸ், அதாவது பாட்டின் கனத்த அடி ஒலி, வெளியே ஓடும். அதாவது ஒரே ஓட்டையில் இரண்டு நஷ்டம். காம்பு தடிமனாக இருந்தால் இன்னும் மோசம், ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேலே எலும்பு வலிக்க ஆரம்பிக்கும். என் மனைவி ஜிமிக்கியைக் கழற்றாமல் இதைப் போட முடியாது, கழற்றி எங்கே வைத்தோம் என்று தேடுவது தனிக்கதை. காதில் தோடும் மூக்கில் கண்ணாடியும் இல்லாத ஒருவர் சோதித்தால் எல்லா ஹெட்போனும் சொகுசாகத்தான் இருக்கும்.

எடையும் அப்படித்தான். சோனியின் டபிள்யூஎச்-1000 எக்ஸ்எம்5 250 கிராம், 2020இல் வந்த ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 384.8 கிராம். காகிதத்தில் பார்க்க வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, தலையில் வைத்தால் ஒரு சின்ன ஆப்பிள் பழத்தைச் சேர்த்துச் சுமக்கிற மாதிரி (சிலேடை தற்செயல்). எக்ஸ்எம்5ஐ மடக்க முடியாது, 2025இல் வந்த எக்ஸ்எம்6இல் மடக்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் ஒரே பையில் திணிக்கிறவனுக்கு டிரைவர் அளவைவிட இதுதான் முக்கியம்.

அப்புறம் வியர்வை. முதலில் வாங்கியதன் குஷன், செயற்கைத் தோல், ஒன்றரை வருடத்தில் உரிய ஆரம்பித்தது. காதோரம் கருப்புப் பொடி ஒட்டிக்கொண்டு நான் ஆபீஸில் உட்கார்ந்திருக்க, குளிக்கவில்லையா என்று ஒருவர் கேட்டேவிட்டார். சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் குஷன் தனியாகத் தருவதில்லை என்றார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அலைந்து மாற்றுக் குஷன் வாங்கி மாட்டினேன், மாட்டியதும் ஹெட்போனே வேறாகிவிட்டது. பேஸ் பாதியாகி, ரயில் உறுமல் மறுபடி கேட்டது. குஷனின் கனமும் அது காதைச் சுற்றி எவ்வளவு அடைப்பாக உட்காருகிறது என்பதும் சேர்ந்துதான் ஒலியை அமைக்கின்றன, அதைத் தொட்டால் எல்லாம் கெடும் என்று பணத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இரண்டாவதை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியே குஷன் தனியாகக் கிடைக்குமா என்பதுதான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஒலியைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி எனக்கு உடன்பாடு. ஆனால் 'பேஸ் பிரமாதம்' என்று நிறுத்திவிட்டீர்களே. பேஸை ஏற்றிவைத்தே விற்கிறார்கள், சினிமாப் பாட்டுக்கு அது கிறங்க வைக்கும். கச்சேரி கேட்டுப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், கனத்த நாதம் வருகிற பக்கம், ஊதிப் பெருத்து, பாடுகிறவர் குரல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஹெட்போனின் ஆப்பில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரைத் திறந்து பேஸை இரண்டு மூன்று படி இறக்கினால் சரியாகிவிடும். இறக்கிப் பார்த்தபின் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு மதிப்பீடு.

எல்டிஏசி, அதாவது புளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்புகிற சோனியின் முறை, அதைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், உண்மைதான். ஆனால் ஐபோனில் அது கிடையாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம், அதற்காகவே கூடுதல் காசு கொடுத்து ஏமாந்த ஒருவர் எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறார். இன்னொன்று, லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் சத்தம் பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறதே, அது பழுது இல்லை. மைக்கும் சேர்ந்து ஓட வேண்டியிருப்பதால் புளூடூத் தரம் குறைந்த முறைக்கு மாறுகிறது. மைக்கை லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. நாம் பேச வாயைத் திறந்தால் பாட்டு தானே நிற்கிற வசதியும் உண்டு, கூடவே முணுமுணுக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் மாட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்பீர்கள். முன்பு ரயிலில் சாதாரண இயர்போனில் ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றிவைத்தால்தான் கேட்கும். இப்போது பாதிகூட வேண்டாம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல், அதற்கு மேல் காதுக்கு நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரைச்சலை அமுக்க ஒலியை ஏற்றுகிற பழக்கம் விட்டுப்போனதே எனக்குப் பெரிய லாபம், அதை நீங்கள் எழுதவே இல்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் மட்டும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வேன். வண்டி வருவது காதில் விழாமல் நடக்கிற தைரியம் எனக்கு இல்லை.

அடுத்த தடவை மதிப்பீடு போடும்போது மதிய வண்டியில் வைத்துச் சோதியுங்கள், குஷன் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்றும் கேட்டு எழுதுங்கள். சோதிக்கக் கண்ணாடி போட்ட தலை ஒன்று வேண்டுமென்றால் நானே வருகிறேன், ஜன்னலோர சீட்டை மட்டும் நீங்கள் பிடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
செங்கல்பட்டு.