மைதா விலைக்கு இந்தப் பாட்டுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் காரைக்குடியில் சூப்பர் மார்க்கெட் விளம்பரமெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டோடுதான் வரும். பாட்டுப் போடட்டும், சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பாட்டு? போன வருடம் ஒரு கடையின் விளம்பர ஆட்டோ 'சைலண்ட் நைட்' மெட்டைப் போட்டுக்கொண்டு செக்காலை ரோட்டில் போனது. மெட்டு அப்படியே இருக்க, பாமாயில் பாக்கெட் என்ன விலை, ரெண்டு கிலோ மைதா வாங்கினால் எது இலவசம் என்று ஒரு பெண் குரல் இழுத்து இழுத்துப் பாடியது. இந்த வருடமும் அதே ஆட்டோ, அதே பாட்டு.

1818 டிசம்பர் 24 இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கோயிலில், ஜோசப் மோர் என்ற இளம் குருவானவரும், அவர் எழுதியதற்கு மெட்டுப் போட்ட பக்கத்து ஊர் வாத்தியார் ஃபிரான்ஸ் க்ரூபரும் கிட்டாரோடு முதன்முதலாகப் பாடிய பாட்டு அது. பாலன் இயேசு பிறந்த ராத்திரிக்கான பாட்டு. கத்தோலிக்கர்களான நாங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நாலு ஞாயிறும், மற்ற ஞாயிறுகளில் பூசையில் பாடுகிற வானவர் கீதம்கூடப் பாடாமல் காத்திருந்து, நடு ராத்திரிப் பூசையில் குடிலில் பாலன் சுரூபத்தை வைக்கும்போதுதான் இதைப் பாடுவோம். போன வருடம் அந்த நேரத்தில் பின்வரிசைப் பிள்ளைகள் மைதா விலையைப் பாடிச் சிரித்தார்கள். அவர்களை என்ன சொல்ல, மூன்று வாரமாகக் காதில் விழுந்தது அதுதானே. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எழுதியவர் 1848-லும் மெட்டுப் போட்டவர் 1863-லும் இறந்துவிட்டார்கள், உரிமைப் பணம் கேட்க யாரும் இல்லை. அதற்காக எதையும் செய்யலாமா? மார்கழி விடியலில் பெருமாள் கோயிலில் கேட்கிற திருப்பாவை மெட்டில் எண்ணெய் விலையைப் பாட எந்தக் கடைக்காரராவது துணிவாரா? துணியவும் கூடாது. மார்கழியில் வருகிற பிள்ளையார் நோன்புக்குச் சாமான் வாங்க வருகிற நகரத்தார் வீட்டு ஆச்சிமாரிடம் எவ்வளவு பதமாகப் பேசுகிறார்கள், அந்தப் பதம் எங்களுக்கும் வேண்டும்.

ஓசி மெட்டுத்தான் வேண்டுமென்றால் 'ஜிங்கிள் பெல்ஸ்' இருக்கிறது. 1857-இல் வெளிவந்த, பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற பாட்டு, அதில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸ் என்ற சொல்லும் இல்லை, என்ன விலையை வேண்டுமானாலும் பாடிக்கொள்ளட்டும்.

கடையில் கேட்டதற்கு, ரெக்கார்டிங் வெளியூரிலிருந்து வந்தது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். சரி, இப்போது தெரிந்துவிட்டதே. 24-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் அந்தப் பாட்டை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி